ஆசியாவில் யாருமில்லாத இடம்

எனக்கும் என் கணவருக்கும் ஒரே சமயத்தில் இரண்டு வார விடுப்பு கிடைத்தது எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரே ஒரு முறைதான். நான் ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் வேலை பார்த்தேன். அவர் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் ஏற்றுமதிப் பிரிவில் தட்டச்சு இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தார். வீடு நடுவில், வேலூரில். காலையில் நான் கிழக்கே பஸ் பிடிப்பேன், அவர் காட்பாடிக்குப் போய் மேற்கே ரயில் பிடிப்பார். மாலையில் திரும்பினால் வீட்டில் மாமனார், மாமியார், கல்லூரியில் படிக்கும் நாத்தனார்.

கல்யாணமாகி இரண்டாவது வருஷம். எங்கள் அறை என்பது கூடத்தின் ஒரு மூலை. ஒரு பீரோவும், அதன் பக்கவாட்டில் கயிறு கட்டித் தொங்கவிட்ட புடவையும்தான் சுவர். அந்தப் பக்கம் மாமனார் ரேடியோவில் செய்தி கேட்பார். இந்தப் பக்கம் நாங்கள் ஏதாவது பேசினால் ரேடியோவைக் குறைத்துவிட்டு, "இன்னாப்பா, என்னையா கூப்ட்டே?" என்பார். அவர் மேல் தப்பில்லை. யாராவது தன்னைக் கூப்பிட மாட்டார்களா என்று காத்திருக்கும் நல்ல மனிதர்.

ஆகவே எனக்கு வேண்டியது ஒன்றுதான். இரண்டு வாரம், நாங்கள் இரண்டு பேர், மூன்றாவது ஆள் கிடையாது. எந்த ஊராக இருந்தாலும் சரி. ஆனால் உள்நாட்டில் இது நடக்காது. ஊட்டிக்குப் போனால் சித்தப்பா வீடு, பெங்களூருக்குப் போனால் பெரியம்மா வீடு. வெளிநாட்டுக்குத்தான் போகவேண்டும். ஐரோப்பா எங்கள் சம்பளத்துக்கு எட்டாது. மிஞ்சியது ஆசியா.

ஆய்வகத்தில் பழகிய கையாதலால் கட்டம் போட்டேன். கடல், மலை, பழைய கோட்டை கொத்தளம், கடைத்தெரு, சாப்பாடு, செலவு என்று தலைப்புகள். கடைசிக் கட்டத்துக்கு 'ஆள்' என்று பெயர். அங்கே நமக்குத் தெரிந்தவர் இருந்தால் பெருக்கல் குறி. தொழிற்சாலையில் தோலைத் தரம் பிரிப்பவர்கள் விரித்துப் பார்த்து ஃபஸ்ட், செகண்ட், தேர்டு, ரிஜெக்ட் என்று தனித்தனி அடுக்கில் போடுவார்கள். நானும் நாடுகளை அப்படியே விரித்துப் போட்டேன். ஜப்பான் நல்ல தோல், விலை கட்டாது, ரிஜெக்ட். பர்மாவுக்குள் நுழையவே ஆயிரம் கேள்வி, தேர்டு. சிலோன், சிங்கப்பூர், மலேசியா, பாங்காக், நேபாளம் ஐந்தும் மேல் அடுக்கில் தேறின.

நாங்கள் இதைப் பேசியது காட்பாடி ஸ்டேஷன் பெஞ்சில். வீட்டில் பேச முடியாதென்பதால் நான் பஸ்ஸை விட்டு இறங்கி அங்கே போய்விடுவேன், அவர் ரயிலை விட்டு இறங்குவார். நூறு பேர் நடக்கிற பிளாட்பாரத்தில் எங்கள் வீட்டைவிடத் தனிமை ஜாஸ்தி. என் கணவருக்கு ஆசியா என்றால் துறைமுகங்கள்.

"ஹாங்காங் போலாமே. நல்ல ஊரு."

"எப்படித் தெரியும்?"

"பில்லு டைப் பண்றேன் இல்ல? சரக்கு போய்ச் சேர்ந்ததும் பணம் கரெக்டா வந்துடும்."

"நாம சரக்கு இல்லீங்க."

"அதுவும் சரிதான்" என்று ஒப்புக்கொண்டார்.

இதுவரை எல்லாம் திட்டப்படி நடந்தது. கெடுத்தது ஒரு துண்டுச் சீட்டு.

எங்கள் சபையில் ஒரு வழக்கம். வெளியூர் போகிறவர்கள், பரீட்சை எழுதுகிறவர்கள், ஆபரேஷனுக்குக் காத்திருக்கிறவர்களுக்காக வீட்டார் சீட்டில் எழுதிக் காணிக்கைத் தட்டோடு அனுப்பினால், ஆயர் அதை வாசித்து ஜெபிப்பார். விடுப்பு கிடைத்ததை மாமியாரிடம் சொல்லியிருந்தோம். எங்கே போகிறோம் என்று முடிவாகவில்லை என்றும் சொல்லியிருந்தோம். அவர் காலம் தாழ்த்துகிறவர் அல்ல. ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். டாக்டர் வருவதற்குள் ஊசியைக் கொதிக்க வைத்துவிடுகிற ரகம்.

ஞாயிற்றுக்கிழமை ஆயர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சீட்டை வாசித்தார்.

"நம் சகோதரியின் மகனும் மருமகளும்... ஆசியாவுக்குப் போகிறபடியால்..." நிறுத்தினார். சீட்டைத் திருப்பிப் பார்த்தார். பின்னால் ஒன்றுமில்லை. நல்ல அனுபவசாலி, சமாளித்துக்கொண்டார். கண்களை மூடி, அரேபியாவின் வெயிலிலிருந்து ஆரம்பித்தார். சீனாவின் குளிர், ஜப்பானின் பூகம்பம், இடையில் உள்ள எல்லாச் சமுத்திரங்கள், தீவுகள், காட்டு மிருகங்கள் ஒவ்வொன்றிலிருந்தும் எங்களைக் காக்கும்படி வேண்டினார். ஒரு கண்டத்துக்கு ஜெபிக்க நேரமாகும். பின் வரிசையில் ஒரு குழந்தை தூங்கிவிட்டது.

"அண்ணி, நாம இப்பவே ஆசியாவுலதானே இருக்கோம்?" என்று நாத்தனார் என் காதில் கேட்டாள். அவளுக்குச் சிரிப்பை அடக்கத் தெரியாது. இருமுவதுபோல நடித்தாள்.

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் வேப்பமரத்தடியில் எங்களைச் சூழ்ந்துகொண்டார்கள். வேலூரில் படித்த நர்ஸுகளும் டெக்னீஷியன்களும் உலகமெங்கும் இருக்கிறார்கள் என்பது தெரிந்த விஷயம்தான். ஆனால் அன்றுதான் அவர்கள் அனைவருக்கும் வேலூரில் ஒரு அக்கா, ஒரு அம்மா, ஒரு அத்தை இருப்பதை நேரில் கண்டேன்.

"மலேசியா போனா எங்க பெரிய பொண்ணு வீட்லதான் தங்கணும். ஹோட்டல்ல தங்கினீங்கன்னா நான் பேசமாட்டேன்."

"சிலோன்ல என் தம்பி இருக்கான். ஸ்டேஷனுக்கே வந்துடுவான். நீங்க திரும்பற வரைக்கும் கூடவே இருப்பான்."

"கூடவேயா?" என்றார் என் கணவர்.

"ஒரு நிமிஷம்கூட விடமாட்டான் தம்பி. அவ்ளோ பாசம்."

ஒரு பெரியவர் மட்டும் எங்கள் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கினார். நாங்கள் மிஷனரிகளாகப் போகிறோம் என்று புரிந்துகொண்டிருக்கிறார். "இந்தச் சின்ன வயசுல எல்லாத்தையும் உட்டுட்டுப் போறீங்களே" என்றார். என் கணவர், "ரெண்டு வாரத்துல வந்துடுவோம் ஐயா" என்றார். பெரியவர் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது.

சபையோடு போயிருந்தால் பரவாயில்லை. அடுத்த வீட்டு பாய் தோல் வியாபாரி. மாலையில் மதில்மேல் கையை ஊன்றிக்கொண்டு கூப்பிட்டார்.

"தம்பி, சிங்கப்பூராமே?"

"இன்னும் முடிவாகல பாய்."

"சிங்கப்பூர்னா என் மச்சான் இருக்கான். பாங்காக்னா என் சித்தப்பா மவன். எங்க போனாலும் ரூம் கீம்னு பேஜாரே வேணாம். நம்ம வீடு. நீங்க ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க, இந்தச் சாம்பிளை அவங்க கையில குடுத்துடுங்க."

சாம்பிள் என்பது ஒரு சின்ன மூட்டை. ஆட்டுத் தோல், சாயம் போட்டது, பல நிறம். மூட்டை சின்னது, வாசனை பெரியது. நான் பகலெல்லாம் அதற்குள் இருக்கிறவள். எனக்கே இரண்டடி தள்ளி நிற்கத் தோன்றியது. என் கணவர் மறுக்கத் தெரியாமல் வாங்கிக்கொண்டார். அதைக் கொண்டுபோய் பீரோவின் எங்கள் பக்கத்தில் வைத்தார். எங்கள் அறையில் அன்றிலிருந்து நாங்கள் மூன்று பேர்.

மறுநாள் ஸ்டேஷன் பெஞ்சில் கட்டத்தை எடுத்தேன். சிலோன், சிங்கப்பூர், மலேசியா, பாங்காக் நான்குக்கும் கடைசியில் பெருக்கல் குறி போட்டேன். செலவுக் கட்டத்தில் நான்கும் பிரமாதமாக முன்னேறியிருந்தன. எங்கும் தங்கும் செலவே இல்லை. சோறும் இலவசம்.

"நேபாளம் இருக்கே" என்றார் அவர்.

நேபாளத்தை மறுபடி விரித்துப் பார்த்தேன். கடல் இல்லை. ஆனால் ஏரி உண்டு, படகு உண்டு. மலை கேட்கவே வேண்டாம். பழைய அரண்மனைகள், மரச்சிற்பம், யானைமேல் காட்டுக்குள் போகலாம். விலைவாசி கம்மி. நான் இன்னும் வாங்காத பாஸ்போர்ட்டும் தேவையில்லை.

"பாய்கிட்ட கேட்டேன்" என்றார் அவர். "'நேபாளத்துல நமக்கு ஆளே கிடையாது தம்பி, ரொம்ப வருத்தமா இருக்கு'ன்னு சொன்னாரு. மூட்டையையும் திருப்பிக் குடுத்துட்டேன்."

பிளாட்பாரம் என்றும் பாராமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எதிரே மூட்டை தூக்குகிறவர் எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து மாமியாரிடம் சொன்னோம். அவர் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். முறம் அந்தரத்தில் நின்றது.

"நேபாளமா? ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்! எங்க பேட்ச் பொண்ணு அங்கதானே இருக்கா! மலைமேல மிஷன் ஆஸ்பத்திரி. போனவ போனவதான், கல்யாணமே பண்ணிக்கல. ஹாஸ்டல்ல என் பக்கத்துக் கட்டிலு."

என் கணவர் சுவரில் சாய்ந்துகொண்டார்.

மாமியார் அன்றே கடிதம் எழுதினார். பதில் வருவதற்குள் அவர் பேசியதெல்லாம் அந்தப் பக்கத்துக் கட்டிலைப் பற்றித்தான். இருவரும் மேட்ரனுக்குத் தெரியாமல் கோட்டைக்குப் போனது, ஒரே குடையில் நனைந்தது, அவள் போகும்போது ஸ்டேஷனுக்குப் போக டியூட்டி விடவில்லை என்பது. சொல்லிக்கொண்டே ஊறுகாய் போட்டார், மிளகாய்த்தூள் இடித்தார், முறுக்கு சுட்டார். ஒரு ஆஸ்பத்திரிக்கே போதுமான முறுக்கு.

பதில் வந்தது. நாத்தனார்தான் உரக்கப் படித்தாள். பிள்ளைகளுக்குத் தன் வீட்டிலேயே இடம் உண்டு என்று முதல் வரியில் இருந்தது. மற்ற இரண்டு பக்கமும், 'அவர்களை அனுப்புகிறாயே, நீ எப்போது வருவாய், கிழவியான பிறகா' என்பதுதான்.

மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாமனார் ரேடியோவை நிறுத்தினார். அவர் ரேடியோவைத் தானாக நிறுத்தி நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"போலாமே" என்றார்.

"யாரு?"

"எல்லாரும். இவளுக்கும் காலேஜ் லீவுதான். அஞ்சு பேருமா போய்ட்டு வரலாம். ஒரே வீடு, ஒரே செலவு."

நாத்தனார் கைதட்டினாள். என் கணவர் பீரோவுக்குப் பின்னால் போய்விட்டார். ஐந்து பேர், ஒரு செவிலியர் குடியிருப்பு, மலைக்குளிர், எல்லோருக்கும் சேர்த்து ஒரே கூடம். கட்டம் போட்டே பார்க்க வேண்டாம்.

நான் சாதாரணமாக அவசரப்படுகிறவள் அல்ல. அன்றைக்கும் அவசரப்படவில்லை. தண்ணீர் குடித்தேன். பிறகு, "கோழிங்களை யாரு பாத்துப்பாங்க மாமா?" என்று கேட்டேன்.

மாமனார் கொல்லையில் வெள்ளை லெகார்ன் கோழிகள் வளர்த்தார். பென்ஷனுக்குப் பிறகு அவைதான் அவருக்கு அலுவலகம். அவர் முகம் மாறியது.

"பாய் வீட்ல சொல்லிட்டுப் போலாமா?" என்றார்.

"அவங்க வீட்ல பூனை இருக்கு மாமா."

"ஆமா" என்றார். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மாமியார் கடிதத்தை மடிக்க ஆரம்பித்தார்.

"நீங்க போய்ட்டு வாங்க" என்றேன். "நான் வீட்ல இருக்கேன். தண்ணி வேற ஒருநாள் விட்டு ஒருநாள் விடியக்காலைலதான் வருது. புடிக்க ஆள் வேணுமில்ல?"

"ஏம்மா, நீதானே கண்ணு ஆசையா கட்டமெல்லாம் போட்டுட்டு இருந்தே!"

"எனக்கென்ன அத்தை, இன்னும் வயசிருக்கு."

பீரோவுக்குப் பின்னாலிருந்து என் கணவர் வெளியே வந்தார். அலுவலகத்தில் யாராவது இறந்தால் வைத்துக்கொள்ளும் முகம் வைத்திருந்தார்.

"நானும் இருந்துடறேம்மா. இவ தனியா பயப்படுவா."

நான் தினமும் கந்தக அமிலத்தைக் கையாளுகிறவள். தலையைக் குனிந்துகொண்டு, பயப்படுவேன் என்பதுபோல நின்றேன். மாமியார் எங்கள் இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டார். அவர் அழுதது எனக்குச் சங்கடமாக இருந்தது. அவர் தோளுக்கு மேலாக என் கணவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். அவரைப் பார்த்திருந்தால் சிரித்துக் காரியம் கெட்டிருக்கும்.

அடுத்த ஞாயிறு சீட்டு தெளிவாக எழுதப்பட்டிருந்தது. ஆயர் நேபாளத்துக்கு மட்டும் ஜெபித்துவிட்டு, பெற்றோருக்காக ஆசையை விட்டுக்கொடுத்த இளம் தம்பதியைப் பற்றி நாலு வார்த்தை பேசினார். மிஷனரிப் பெரியவருக்கு எங்கள்மேல் மரியாதை திரும்பி வந்தது.

அவர்கள் புறப்பட்ட நாளில் முறுக்கு டின்களை ஏற்றுவதற்கே ரயில் நிற்கும் நேரம் சரியாக இருந்தது. நாத்தனார் ஜன்னல் வழியே, "அண்ணி, கோழிங்களை நல்லா பாத்துக்கோங்க" என்று சொல்லிக் கண்ணடித்தாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. மாமியார் கை அசைத்துக்கொண்டே இருந்தார். அவர் முகம் நர்ஸிங் மாணவியின் முகம்போல இருந்தது. ரயில் மறைந்த பிறகும் நாங்கள் சோகமாகவே நடந்து வெளியே வந்தோம். தெரிந்தவர்கள் யாராவது பார்க்கக்கூடும்.

வீட்டுக்கு வந்து கதவைத் தாழிட்டோம். சாயங்கால வெயில் கூடத்தில் கிடந்தது. நான் அடுப்பைப் பற்றவைத்து, காபி வேண்டுமா என்று கேட்டேன்.

"என்ன?" என்றார் அவர்.

மறுபடி கேட்டேன். அவருக்கு அப்போதும் விளங்கவில்லை. அவர் ஏதோ சொன்னார், அது எனக்கு விளங்கவில்லை. அப்புறம்தான் உறைத்தது. யாருமில்லாத வீட்டில் நாங்கள் இருவரும் கிசுகிசுத்துக்கொண்டிருந்தோம்.

அவர் கூடத்தின் நடுவில் போய் நின்றார். நெஞ்சை நிமிர்த்தி மூச்சை இழுத்தார்.

"காபி வேணும்!" என்று கத்தினார்.

மதிலுக்கு அந்தப் பக்கம் பாயின் குரல் உடனே கேட்டது. "வாங்க தம்பி! இங்க டீ போட்டாச்சு! பொண்ணையும் கூட்டிட்டு வாங்க, இன்னா தனியா உக்காந்துட்டு!"

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். என் கணவர் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"வேணாம் பாய்! நாங்க ஊருக்குப் போயிருக்கோம்!"

 நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"அச்சா, அச்சா" என்றார் பாய். "ஊர்ல நல்லபடியா இருந்துட்டு வாங்க."

அவர் வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படுவது கேட்டது.