வேதநாயகம் திட்டிய குரல்

ஆயர் ஈத்தாம் வட்டாரத்து அடுக்குமாடி ஒன்றின் ஏழாவது மாடியில் குடியிருக்கும் வேதநாயகத்தின் வாழ்க்கையை எழுத வருகிற வரலாற்று ஆசிரியர்கள் அதை இரண்டு காலங்களாகப் பிரிக்க வேண்டியிருக்கும். வீட்டுக்கு இணைய இணைப்பு வருவதற்கு முந்தைய காலம் ஒன்று. இணைப்பு வந்தும் வராமல் இருந்த காலம் மற்றொன்று. முதல் காலத்தில் அவர் பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையின் சாமான் கிடங்கைப் பார்த்துக்கொண்டார், மணம் முடித்தார், ஒரே மகன் டேரிலைப் படிக்கவைத்தார், மனைவியை அடக்கம் செய்தார். இதெல்லாம் எல்லோரும் செய்கிற காரியம். பெயர் சொல்லும்படியாக அவர் செய்தது இரண்டாம் காலத்தில்தான். அவர் தொலைபேசி நிறுவனத்தைத் திட்டினார்.

அந்த நிறுவனத்தைத் திட்டாதவர் ஆயர் ஈத்தாமில் யார் இருக்கிறார்கள் என்று கேட்கலாம். பாசார் என்கிற சந்தையில் மீன் விலைக்கு அடுத்தபடியாக அடிபடுவது அதன் பெயர்தான். ஆனால் மற்றவர்களுக்கு அது பொழுதுபோக்கு. வேதநாயகத்துக்கு ஊழியம்.

அவர் பக்கம் நியாயம் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். டேரில் மெல்பர்னில் இருந்தான். பேத்தி கிறிஸ்டலுக்கு மூன்று வயது. ஞாயிறுதோறும் மாலையில் அவளைத் திரையில் பார்ப்பதற்காகவே வேதநாயகம் மாதாமாதம் பணம் கட்டினார். பேத்தி வாயைத் திறப்பாள். திறந்த வாய் திறந்தபடியே நின்றுவிடும். அவள் தாத்தா என்று சொல்ல வந்தாளா, கொட்டாவி விட வந்தாளா என்பது இன்றுவரை தெரியாது. ரவுட்டரின் பச்சை விளக்கு சிவப்பாகி, நிறுவனம் அந்த வாரத்துக்குக் கடையைச் சாத்திவிட்டது என்று அறிவிக்கும்.

பழுதுபார்க்க ஆள் வருவதாகச் செய்தி வரும். வேதநாயகம் கதவைத் திறந்து வைத்து, வாசலிலேயே நாற்காலி போட்டு, சிறுநீர் கழிக்கக்கூடப் போகாமல் உட்கார்ந்திருப்பார். மாலையில் இன்னொரு செய்தி வரும்: தங்கள் வீட்டில் ஆள் இல்லாததால் எங்கள் ஊழியர் திரும்பிச் சென்றார். மறுநாள் மூன்றாவதாக ஒன்று: தங்கள் பிரச்சினை தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள்? நட்சத்திரத்தைப் பார்த்து மூன்று ராஜாக்கள் பாலன் இயேசுவைத் தேடிக் கிளம்பிப் போனார்கள். வேதநாயகம் தொலைபேசியை எடுத்தார். அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

புகார் சொல்வதற்கென்று அவரிடம் ஒரு முறை இருந்தது. குளித்துவிட்டு, வேலைக்குப் போன காலத்துச் சட்டையைப் போட்டுக்கொண்டு, இயேசுவின் திரு இருதயப் படத்துக்குக் கீழே உட்கார்ந்துதான் நம்பரை அழுத்துவார். மலாய்க்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு இரண்டு. இரண்டை அழுத்துவார். கிடங்கில் லாரி டிரைவர்களை விரட்டுவதற்காக அவர் தயார் செய்து வைத்திருந்த ஆங்கிலம் ஒன்று உண்டு. ஓய்வு பெற்றபின் துருப்பிடித்துக் கிடந்த அது, நிறுவனத்தின் புண்ணியத்தில் மறுபடியும் பளபளப்பானது.

மறுமுனையில் பல பேர் வந்து போனார்கள். கடைசியில் குளோயி என்றொரு பெண் மாட்டினாள். வெள்ளைக்காரியிடம் பாடம் கேட்டதுபோல நுனி நாக்கு ஆங்கிலம். மிஸ்டர் வேதநாயகம், உங்கள் புகாரை என் பெயரிலேயே எடுத்துக்கொள்கிறேன், இனி நானே உங்களைக் கூப்பிடுகிறேன் என்றாள். சொன்னபடி கூப்பிடவும் செய்தாள். இந்த ஒரு நல்ல காரியத்தால் அவளுடைய கதி முடிவானது. அதுவரை முகமில்லாமல் இருந்த நிறுவனத்துக்கு இப்போது ஒரு பெயர் கிடைத்துவிட்டது. வேதநாயகம் கேபிளைத் திட்டினாலும், மழையைத் திட்டினாலும், வராத ஊழியரைத் திட்டினாலும் எல்லாம் குளோயியின் காதில்தான் விழுந்தது.

ஜனவரியில் கிறிஸ்டலுக்குப் பிறந்தநாள். கேக்கின் மேல் கத்தி இறங்கப்போகும் நேரத்தில் திரை நின்றது. அன்று குளோயி, உங்கள் ஏமாற்றம் எனக்குப் புரிகிறது என்றாள். புரிகிறதா என்று கேட்டார் வேதநாயகம். அதற்குப்பின் அவர் என்னென்ன பேசினார் என்பது பயிற்சிக்காகவும் தர மேம்பாட்டுக்காகவும் பதிவு செய்யப்பட்டிருக்கிறது. கடைசியில் சொன்னது மட்டும் இங்கே போதும். உன்னை வளர்த்தவர்கள் உனக்கு ஒன்றும் கற்றுக்கொடுக்கவில்லையா என்று கேட்டார். உனக்கு அப்பன் என்று ஒருவன் இருந்தால் அவனிடம் போனைக் கொடு, நான் அவனிடம் பேசிக்கொள்கிறேன் என்றார்.

மறுமுனையில் சத்தம் நின்றது. சற்று நேரம் கழித்து, காத்திருந்ததற்கு நன்றி மிஸ்டர் வேதநாயகம் என்று குரல் திரும்பியது. வெற்றி பெற்றவராக அவர் போனை வைத்தார்.

வெற்றியை வீட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்வது? அடுத்த ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து, கோயில் மண்டபத்தில் எல்லோரும் டீயும் நாசி லெமாக் தேங்காய்ச் சோறும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அதைக் கொண்டு வந்து இறக்கினார். பக்கத்தில் அவருடைய பழைய கூட்டாளி நாதன். நாதன் வீட்டு இணைப்பும் செத்துப்போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. அதனால் அவர் நல்ல ரசிகராக இருந்தார். சுற்றிலும் ஏழெட்டுப் பேர். வேதநாயகம் எழுந்து நின்று இரண்டு குரலிலும் நடித்துக் காட்டினார். குளோயிக்காக மூக்கைச் சுருக்கி, நாக்கை மடித்துக்கொண்டார். அப்பனிடம் போனைக் கொடு என்ற இடம் வந்ததும் நாதனுக்குச் சிரிப்பில் டீ மூக்கில் ஏறிவிட்டது.

டீத் தட்டோடு நின்றுகொண்டிருந்தவள் கிளாரிஸ். வேதநாயகத்தின் ஞானமகள். அவளைக் கையில் ஏந்தி ஞானஸ்நானத் தொட்டியருகே நின்று, இந்தப் பிள்ளையை நல்வழியில் வளர்ப்பேன் என்று கடவுளிடம் வாக்குக் கொடுத்தவர் அவர்தான். அவளுடைய அப்பா சூசைராஜ் பிறையில் அவரோடு வேலை பார்த்தவர், அவள் ஆரம்பப் பள்ளியில் படிக்கும்போதே இறந்துபோனார். ஏப்ரலில் கிளாரிஸுக்குக் கல்யாணம். அப்பா இடத்தில் நின்று அவளைக் கைபிடித்துப் பீடம்வரை கூட்டிப்போகப்போவது வேதநாயகம் என்று பேசி முடித்திருந்தார்கள். அதற்காக அவர் லிட்டில் இந்தியா தையல்கடையில் ஒரு கோட்டுக்கு அளவுகூடக் கொடுத்துவிட்டார். அவள் பாயான் லெப்பாஸ் பக்கம் ஏதோ ஆபீசில் வேலை பார்க்கிறாள் என்பது அவருக்குத் தெரியும். என்ன ஆபீஸ் என்று கேட்டதில்லை.

“அப்புறம் என்னாச்சுண்ணே?” என்றார் நாதன் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

“என்னா ஆகும்? அழுதிருச்சு. சத்தமே இல்ல. பாவம், அழுகட்டும்னு விட்டுட்டேன்லா.”

கிளாரிஸ் தட்டை மேசையில் வைத்தாள்.

“அழல காட்பா,” என்றாள். ஞானத்தகப்பனை அவள் சிறு வயதிலிருந்து அப்படித்தான் கூப்பிடுவாள். “மியூட் பண்ணிட்டுத் தண்ணி குடிச்சேன்.”

நாதன் சிரித்துக்கொண்டே இருந்தார். மற்றவர்கள் நிறுத்திவிட்டதைக் கவனிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கிளாரிஸ் காலியான கோப்பைகளைத் தட்டில் எடுத்து அடுக்கினாள், வேதநாயகத்தின் கையிலிருந்ததையும் வாங்கிக்கொண்டாள். சமையலறைக் கதவருகே அவளுடைய அம்மா அமலம்மாள் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று யாரும் கேட்கவில்லை. வேதநாயகத்தின் நாக்கு, குளோயிக்காக மடிந்தது மடிந்தபடியே வாய்க்குள் கிடந்தது.

அன்று மாலை அவர் மெல்பர்னுக்குப் போன் போடவில்லை. சட்டையை மாற்றிக்கொண்டு படத்துக்குக் கீழே உட்கார்ந்தார். நேரில் போய் நிற்கத் தைரியம் வரவில்லை. தொலைபேசியில்தான் அவர் வீரர். ஆகவே நிறுவனத்தை அழைத்து, இரண்டை அழுத்தி, இசையைக் கேட்டு முடித்ததும் நோர்மா என்றொருத்தி வந்தாள். மிஸ் குளோயியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார். நோர்மா குழம்பிப்போனாள். இது புகாரா, விசாரிப்பா, இணைப்புத் துண்டிப்புக் கோரிக்கையா என்று பணிவாகக் கேட்டாள். மன்னிப்பு என்றார். அப்படியொரு பிரிவு கணினியில் இல்லை சார் என்று வருந்தினாள். மேலாளரைக் கேட்டு வருவதாகச் சொல்லிப் போனவள் போனவள்தான். இசை திரும்ப வந்தது, பிறகு அதுவும் அறுந்தது. இத்தனை வருடத்தில் முதல் முறையாக அவருக்கு நிறுவனத்தின் மேல் கோபம் வரவில்லை.

மறுநாள் நடந்தே போனார். எதிர்க் கட்டடத்தின் ஒன்பதாவது மாடிதான். அமலம்மாள் கதவைத் திறந்து, உட்காருங்க என்றார். டீ வந்தது. பிஸ்கட் வரவில்லை. அந்த வீட்டில் அவருக்குப் பிஸ்கட் இல்லாமல் டீ வந்தது அதுவே முதல் தடவை. அதன் பொருளை இருவருமே அறிந்திருந்தார்கள்.

“அண்ணே, அவ அப்பாவைக் கேட்டீங்களாமே,” என்றார் அமலம்மாள். “கிடைச்சாரா?”

வேதநாயகம் டீயைக் குடிக்காமல் கோப்பையைக் கீழே வைத்தார்.

அதோடு விடவில்லை அமலம்மாள். குரலை உயர்த்தாமலே மிச்சத்தையும் சொன்னார். முதல் நாளே திரையில் பெயரைப் பார்த்ததும் கிளாரிஸுக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டதாம். குளோயி என்பது வேலைக்காக வைத்த பெயராம். தெரிந்தவர்கள் என்று காட்டிக்கொள்ளக் கூடாது என்பது அங்கே சட்டம். வேறொருத்திக்குத் தள்ளிவிட்டிருக்கலாம். காட்பா லைன் சரியாகட்டும் என்றுதான் தன் பெயரில் எடுத்துக்கொண்டாளாம். ஹைக்கல் என்ற பழுதுபார்க்கிற பையனிடம் தினமும் கெஞ்சியதில், அவன் தன் லீவு நாளில் வந்து கேபிளைப் பார்ப்பதாக ஒத்துக்கொண்டிருக்கிறான் என்றும் சொன்னார்.

கிளாரிஸ் வேலை முடிந்து வந்தாள். பையைக்கூட இறக்காமல் எதிரே உட்கார்ந்தாள். வேதநாயகம் வரும் வழியெல்லாம் தயாரித்து வைத்திருந்ததில் ஒரே ஒரு வாக்கியம்தான் வெளியே வந்தது.

“தப்புப் பண்ணிட்டேம்மா. மன்னிச்சிரு.”

“கிளாரிஸ்கிட்ட கேக்குறீங்களா காட்பா, குளோயிகிட்டயா?”

“ரெண்டும் நீதானேம்மா.”

“இல்ல. அந்த நாற்காலியில நான் இல்லாட்டி சுஹானா உக்காந்திருப்பா. அவளுக்கும் அப்பா இல்ல. அவகிட்ட மன்னிப்புக் கேக்க பஸ் ஏறி வந்திருப்பீங்களா?”

வந்திருப்பேன் என்று சொல்லிவிடலாம். அவளும் அதை ஏற்றுக்கொண்டிருப்பாள், பிஸ்கட்டும் வந்திருக்கும். ஆனால் கிடங்கில் இல்லாத சாமானை இருப்பதாகச் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

“வந்திருக்க மாட்டேன்,” என்றார்.

கிளாரிஸ் தலையாட்டினாள். கோபம் தெரியவில்லை. கோபப்பட்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

“கோயில்ல அம்மாகூட நடந்து போறேன் காட்பா. நீங்க வீட்டுக்கு வந்து ஆசீர்வாதம் பண்ணுங்க.”

பிப்ரவரியில் ஹைக்கல் வந்தான். கதவு திறந்திருந்ததைப் பார்த்து அவனே ஆச்சரியப்பட்டதுபோல் தெரிந்தது. அவன் போனபின் பச்சை விளக்கு பச்சையாகவே இருந்தது. கிறிஸ்டல் இப்போது வாயைத் திறந்தால் தாத்தா என்று தெளிவாகக் கேட்டது. ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் வேதநாயகம் எங்கேயாவது வேறு பக்கம் பார்த்தார். உடம்பு சரியில்லையாப்பா என்று டேரில் கேட்டான். கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது என்றார்.

ஏப்ரலில் கல்யாணம். தைத்த கோட்டைப் போடாமல் வெறும் சட்டையோடு போனார். மாப்பிள்ளை வீட்டார் சார்பில் பெண்ணை அழைத்துப்போகக் கூலிம் ஊரிலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். நல்ல மனிதர், எல்லாவற்றையும் சத்தமாகக் கேட்கிறவர். ஞானத்தகப்பன் நீங்கள்தானே, பெண்ணை நீங்கள்தானே கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று கேட்டார். வேதநாயகம், மூட்டு வலி, நடக்க முடியவில்லை என்றார். பக்கத்திலிருந்த நாதன் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டார்.

கோயிலுக்குக் கிளம்புமுன் பெரியவர்கள் பெண்ணின் நெற்றியில் சிலுவை போடுவது வழக்கம். கிளாரிஸ் முக்காட்டை ஒதுக்கிக்கொண்டு ஒவ்வொருவர் முன்னாலும் மண்டியிட்டாள். வேதநாயகத்தின் முறை வந்தது. பெருவிரலை நீட்டினார். அது நெற்றியைத் தொடாமல் நடுவிலேயே நின்றது.

“போடுங்க காட்பா,” என்றாள் மெதுவாக. “நேரமாச்சு.”

போட்டார்.

லிஃப்ட் வந்தது. அந்தக் கட்டடத்து லிஃப்ட் யாருக்கும் காத்திருக்காது. யாராவது வெளியே நின்று பொத்தானை அமுக்கிக்கொண்டே இருந்தால்தான் பெண்ணின் பாவாடை கதவில் மாட்டாமல் எல்லோரும் ஏற முடியும். அந்தப் பொறுப்பை வேதநாயகம் எடுத்துக்கொண்டார். கிளாரிஸும் அமலம்மாளும் ஏறினார்கள். நாதன் ஏறினார். பூக்கூடை, பெட்டி, போட்டோக்காரர், கடைசியாகக் கூலிம் பெரியவர். லிஃப்ட் நிரம்பிவிட்டது.

“ஐயா, மூட்டு வலின்னீங்களே,” என்று பெரியவர் உள்ளிருந்து கை நீட்டினார். “ஒன்பது மாடி எப்படி இறங்குவீங்க? நான் நடந்து வாறேன், நீங்க ஏறுங்கலா.”

வேதநாயகம் பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை. உள்ளே எல்லோரும் அவரையே பார்த்தார்கள். முக்காட்டுக்குப் பின்னாலிருந்து கிளாரிஸும் பார்த்திருக்கலாம்.

“மூட்டுல ஒண்ணும் இல்லைங்க,” என்றார். “போன்ல இந்தப் பிள்ளையோட அப்பனைக் கேட்டுத் திட்டினேன். யாரு பெத்த பிள்ளையோன்னு நினைச்சுத் திட்டினேன். அதான் நான் கூட்டிட்டுப் போகல.”

விரலை எடுத்தார். கதவு மூடிக்கொண்டது. உள்ளே யாராவது ஏதாவது சொன்னார்களா என்று கேட்கவில்லை, லிஃப்ட் இறங்கும் இரைச்சல்தான் கேட்டது. வேதநாயகம் சுவரைப் பிடித்துக்கொண்டு படியிறங்க ஆரம்பித்தார். கோயில் மணி அடிப்பதற்குள் போய்ச் சேர வேண்டும்.