கொட்டச்சேட்டுத் தோல்வண்டு

தோல்வண்டுகளுக்கு ஈரம் ஆகாது. மற்ற பூச்சிகள் சதையைத் தின்று முடித்த பிறகு, காய்ந்த தோலுக்கும் மயிருக்கும்தான் இவை வரும். சேர்வராயன் மலையில் இந்தப் பேரினத்தின் எந்த வகை எங்கே இருக்கிறது என்று பட்டியல் போட வந்திருந்தேன். அடிவாரத்திலும் ஏற்காட்டிலும் கிடைத்தன. மலைமேல் இருக்கும் கொட்டச்சேடு என்ற சிற்றூரில் மட்டும், ஆட்டுத்தோலை ஒரு வாரம் தொங்கவிட்டும் ஒன்றுகூட வரவில்லை. எரிச்சலாக இருந்தது.

எட்டாம் நாள் காலை, நான் தனியாக வாடகைக்கு இருந்த அறையின் சுவரில் ஒரு வண்டு ஏறியது. அது நுழைந்த விரிசலை இடுக்கியால் கிளறினேன். தலை வாரும்போது உதிரும் முடியைப் பெண்கள் சுருட்டிச் செருகி வைப்பார்களே, அப்படி ஏழெட்டுச் சுருள்கள். வண்டுகள் அவற்றை அரித்துக்கொண்டிருந்தன.

வீட்டுக்கார அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"நான் வெக்கலீங்க. இந்த ரூமைக் கட்டுனதிலிருந்து உங்களாட்டம் ஆம்பளைங்கதானுங்க குடியிருந்தாங்க" என்றவர், வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

பிடித்த வண்டுக்கான குறிப்புச் சீட்டில் ஊர்ப்பெயரை எழுதினேன். எதன் மேல் பிடித்தது என்ற இடத்தில், 'பெண்ணின் தலைமுடி, பழையது' என்று எழுதினேன். பிறகு, வண்டுகள் தொடாமல் விட்டிருந்த ஒரே சுருளை எடுத்தேன். விரலில் தேங்காயெண்ணெய் ஒட்டியது.

'பழையது' என்பதை அடித்தேன்.