முகில்வாணனும் விதைப் பூண்டும்

எங்கள் மேல்மலையில் இதுவரை ஒரே ஒரு கவிஞன்தான் இருந்திருக்கிறான். அதுவே அதிகம். அவன் என் தங்கை சோலையம்மாளைக் கட்டிய நல்லசாமி. பூண்டு போடும் குடும்பம், ஐம்பத்தேழாம் வருஷம் வரைக்கும் ஒழுங்காகத்தான் இருந்தான். அந்த சீசனில் கொடைக்கானலில் ஒரு பங்களாவுக்கு முட்டைக்கோஸ் கொண்டுபோனவன், அங்கே மதராஸ்காரர் ஒருவர் பேசியதை வராந்தாவில் நின்று கேட்டிருக்கிறான். உன்னை நீ அறிந்துகொள், அறிந்ததைக் கவிதையாக எழுது என்றாராம் அவர். வேறு சோலி இல்லாத மனுஷர் ஏதோ சொன்னார் என்று இவன் பேசாமல் வந்திருக்கக் கூடாதா?

ஊர் திரும்பும்போது அவன் பெயர் முகில்வாணன். அவனே வைத்துக்கொண்டது. எங்கள் ஊரில் பாதி நாள் பக்கத்து வீடு தெரியாத அளவுக்கு மேகம் மூடிக் கிடக்கும், அதற்கு ஒரு புலவன் வேறு வேண்டியிருந்ததா? களை எடுக்கக் கூப்பிட்டால், "நான் மாறிக்கிட்டிருக்கேன், மச்சான்" என்பான். மாறியதாக எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். முன்பெல்லாம் வெள்ளனே காட்டில் நிற்பவன், இப்போது வெயில் ஏறித்தான் எழுந்தான். நான் யார், நான் யார் என்று அவன் எழுதியதையெல்லாம் நானும் கேட்டிருக்கிறேன். என்னிடம் கேட்டிருந்தால் ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பேன்.

விதைப் பூண்டை எங்கள் பக்கம் அடுப்புக்கு மேலே பரணில் கொத்துக் கொத்தாகத் தொங்கவிடுவோம். மழைக்காலம் முழுக்கப் புகை பட்டால்தான் அது பூசணம் பிடிக்காமல் விதைப்புவரை தாங்கும். முகில்வாணனுக்கு யோசிக்க இடம் வேண்டுமாம். வீட்டில் கதகதப்பான இடம் பரண்தான். கொத்துகளை அவிழ்த்து மாட்டுக் கொட்டகையில் போட்டான். சோலையம்மாள் தடுத்துப் பார்த்தாள். "ஒனக்கு என் உள்மனசு புரியாது" என்றான். ஆடி மழை ஓய்ந்தபோது விதை அத்தனையும் அழுகிக் கிடந்தது.

அடுப்பு பெண்ணுடைய பொறுப்பு. விதை கெட்டால் ஊர் யாரைப் பேசும்? தண்ணீர் எடுக்கப் போன இடத்தில், புகை போடத் தெரியாதவள் என்று என் தங்கையின் காதுபடவே பேசினார்கள். அவள் புருஷனைக் காட்டிக்கொடுக்காமல் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். இவன் என்ன செய்தான்? 'அணைந்த அடுப்பு' என்று ஒரு கவிதை எழுதி, சாவடியில் உட்கார்ந்து படித்தான். கேட்டவர்கள் அவனுக்காக உச்சுக் கொட்டினார்கள். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

விதை கெட்ட வீட்டுக்கு மற்ற வீடுகள் ஆளுக்கொரு கொத்துக் கொடுப்பது எங்கள் வழக்கம். ஆனால் அந்த வீட்டு ஆண்பிள்ளை காலிக் கூடையோடு வந்து, எப்படிக் கெட்டது என்று வாசலில் நின்று வாயால் சொல்ல வேண்டும். விதைப்பு நெருங்கியதும் வேறு வழியில்லாமல் கிளம்பினான். முதல் வாசல் என்னுடையது. சோலையம்மாள் பின்னால் நின்றாள்.

"விதி என் விதையை வாங்கிக்கொண்டது..." என்று ராகமாக ஆரம்பித்தான்.

"பாட்டெல்லாம் சாவடியில வச்சுக்கங்க, மாப்ளே. பரண்ல இருந்து எறக்குனது யாரு?"

மேகத்தைப் பார்த்தான், கூடையைப் பார்த்தான். உள்ளே என் பெண்டாட்டி கொத்தைக் கையில் எடுத்து வைத்திருந்தாள், நான் சொல்லாமல் தரமாட்டாள். தெருவில் ஆள் கூடிவிட்டது.

"நாந்தான்" என்றான். "அவ வேணாம்னு சொன்னா. நாந்தான் எறக்குனேன்."

நான் யார் என்று இத்தனை நாள் அவன் தேடிய ஆள் ஒருவழியாக அகப்பட்டான். எதுகையும் இல்லை, மோனையும் இல்லை, அவன் வாயிலிருந்து வந்ததிலேயே உருப்படியானது அதுதான். கூடவே நடந்து, அதை எல்லா வாசலிலும் சொல்ல வைத்துத்தான் விட்டேன். கூடை நிறைந்தது.

சாயங்காலம் தங்கை வீட்டுக்குப் போனேன். கொத்துகள் பரணில் தொங்கின, கீழே பச்சை விறகு புகைந்துகொண்டிருந்தது. நல்லசாமி மாட்டைக் கட்டப் போயிருந்தான்.

"இனிமே ஒன்ன ஒருத்தரும் பேச மாட்டாக, ஆத்தா. ஊரே கேட்டுருச்சு" என்றேன் பெருமையாக.

அவள் விறகை உள்ளே தள்ளினாள்.

"ஆமாண்ணே, எல்லா வாசல்லயும் சொன்னாரு. எங்கிட்ட இன்னும் சொல்லல."