மில்டூராவில் இரண்டு வருடம்

மில்டூராவில் யாரைச் சந்தித்தாலும் பெயரைக் கேட்பதற்கு முன்னால் அதைத்தான் கேட்பார்கள்: எவ்வளவு காலம் தங்கப் போகிறாய்? முடி வெட்டுகிறவர் கேட்டார், வங்கியில் இருந்த பெண் கேட்டாள், பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக் கேட்டாள். திராட்சைத் தோட்டங்களும் வைன் ஆலைகளும் சூழ்ந்த ஊர் அது. வெள்ளைக்காரர் வந்தால் இரண்டு நாள் தங்கி, நாலு ஆலையில் ருசி பார்த்து, போத்தல்களைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். எங்களைப்போல் கறுத்தவர்கள் வந்தால் பழம் பிடுங்க வந்திருப்பார்கள், அறுவடை முடியக் கிளம்புவார்கள். ஆகவே கேள்வியில் குற்றம் சொல்ல முடியாது. நான் எல்லோருக்கும் ஒரே பதிலை வைத்திருந்தேன்: "இரண்டு வருடம்." மறியலில் இருப்பவன் தன் தண்டனைக் காலத்தைச் சொல்வதுபோல் டக்கென்று சொல்லுவேன்.

எங்கள் விசா அப்படி. பெரிய நகரங்களுக்கு வெளியே இரண்டு வருடம் இருந்து வேலை செய்தால் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கலாம். இரண்டாயிரத்து ஆறில், போரில் யாழ்ப்பாணத்துக்கான பாதை மூடிய சில மாதங்களில், நானும் மனைவி வசந்தியும் அங்கே போய் இறங்கினோம். வைன் ஆலை ஒன்றின் ஆய்வுகூடத்தில் திராட்சைச் சாற்றில் சர்க்கரை எவ்வளவு என்று பார்க்கும் வேலை எனக்கு. வாயில் வைக்காத ஒரு பானத்துக்கு நாள் முழுக்க நாடி பிடித்தேன். வீட்டில் கட்டில்கூட வாங்கவில்லை. மெத்தையை நிலத்தில் போட்டுப் படுத்தோம். "போற இடத்தில நல்லதாப் பாத்து வாங்குவம்" என்பாள் வசந்தி. போகிற இடம் நோபல் பார்க், பெரிய நகரத்தின் புறநகர். என் சிநேகிதன் அங்கே இருந்தான். நீண்ட விடுமுறை வந்தால் ஆறு மணித்தியாலம் கார் ஓடி அவன் வீட்டுக்குப் போவோம். பக்கத்து டண்டினொங் கடைகளில் மிளகாய்த்தூளும் குத்தரிசியும் அள்ளிக்கொண்டு, முகத்தைத் தொங்கப் போட்டபடி திரும்பி வருவோம்.

அந்த வருடங்களில் மழையே இல்லை. ஆற்றுத் தண்ணீரைத் தோட்டக்காரருக்குக் குறைத்துவிட்டார்கள். நாற்பது வருடத்துக் கொடிகளை வேரோடு பிடுங்கிக் குவித்துக் கொளுத்தினார்கள். எனக்கு ஒரு கவலையும் வரவில்லை. இது என் ஊர் இல்லையே என்று இருந்தேன்.

இரண்டாவது கோடையில், அங்கே கோடையாக இருக்கும் தை மாதத்து வெயிலில், வசந்தியின் வயிற்றுக்குள் எட்டு மாதப் பிள்ளை அசைவதை நிறுத்தியது. ஆண் பிள்ளை. ஆஸ்பத்திரியில் அவனை ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி எங்கள் கையில் தந்தார்கள். நல்ல பாரமாக இருந்தான்.

கொக்குவிலில் இருந்த மாமிக்குத் தொலைபேசி எடுத்தோம். வசந்தியின் தாய் அவர். லைன் கரகரத்தது. மாமி அழுதபடி சொன்னார்: "பச்சைப் பிள்ளையை எரிக்கிறேல்லை தம்பி. புதைச்சுப்போட்டுத் திரும்பிப் பாராமல் வாங்கோ. பேர், கல்லு ஒண்டும் வைக்காதேங்கோ. வைச்சால் அடுத்தது தங்காது." எனக்கும் வேறொன்றும் தெரியாது. அப்படியே செய்யத் தீர்மானித்தேன்.

மயானத்துக்குப் பொறுப்பானவர் டொனி என்ற வயதான இத்தாலியர். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அவரும் அதே கேள்வியைக் கேட்டார், எவ்வளவு காலம் இந்த ஊரில் இருப்பீர்கள் என்று. வாயில் தயாராக இருந்தது வந்துவிட்டது: "இரண்டு வருடம். அதில் பத்து மாதம்தான் மிச்சம்." டொனி தலையாட்டினார். ஊரிலேயே இருக்கிற குடும்பமென்றால் பெரியவர்களின் பகுதியில், பக்கத்தில் தாய் தகப்பனுக்கும் இடம் விட்டுத் தருவாராம். போகிறவர்களென்றால் சுவரோரமாகக் குழந்தைகளின் வரிசை இருக்கிறதாம். சுவரோரம் போதும் என்றேன். கல்லில் என்ன பெயர் என்றார். கல் வேண்டாம், எங்கள் வழக்கம் என்றேன். அவர் என் தோளைத் தொட்டு, காசுதான் காரணமென்றால் தேவாலயத்தில் கேட்டுத் தருகிறேன் என்றார். இல்லை என்றேன். அதற்குப் பிறகு அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பெற்ற பிள்ளையை வேண்டாம் என்று விட்டுப் போகிறான் என்று நினைத்திருப்பார்.

திரும்பிப் பாராமல்தான் வந்தேன். ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை மதிய இடைவேளையில் கார் தானாக அங்கே போய் நின்றது. சுவரோரம் புதிதாக மூன்று மண்மேடுகள் இருந்தன. எது அவன் என்று தெரியவில்லை. டொனியைத் தேடிப் போய்க் கேட்டபோது வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. அவர் வந்து நடுமேட்டைக் காட்டினார். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை தவறாமல் போனேன். வசந்திக்குச் சொல்லவில்லை.

இரண்டு வருடம் முடிந்து, சில மாதத்தில் நிரந்தர வதிவிடக் கடிதமும் வந்தது. வசந்தி அன்றைக்கே பெட்டி அடுக்கத் தொடங்கினாள். ஆலையில் இந்த அறுவடைக்கு நிற்கச் சொல்கிறார்கள் என்று பொய் சொன்னேன். பிறகு மாற்று ஆள் வரவில்லை என்றேன். மூன்றாவது பொய்யைத் தொடங்கும்போது அவள் குசினி வாசலில் வந்து நின்றாள்.

"வெள்ளிக்கிழமையில சப்பாத்தில செம்மண்ணோட வாறியள். எனக்குக் கண் தெரியாதெண்டு நினைச்சனீங்களோ?"

நான் கழற்றிப் போட்டிருந்த சப்பாத்தைப் பார்த்தேன்.

"இஞ்ச இருந்தால் அவன் எழும்பி வருவானோ? எனக்கு இந்த ஊர்த் தெருவில நடக்கேலாமல் கிடக்கு. ஒவ்வொரு தள்ளுவண்டிக்கும் நான் குனிஞ்சு பாக்கிறன்."

"தனிய விட்டிட்டுப் போறதோ வசந்தி?"

"நீங்கள்தானே சுவரோரம் போதுமெண்டனீங்கள்."

அடுத்த மாதம் நோபல் பார்க்குக்கு வந்தோம். கட்டில் வாங்கினோம். எனக்கு டண்டினொங்கில் ஒரு சோஸ் தொழிற்சாலையில் வேலை. வீட்டு ஒப்பந்தத்தை எத்தனை வருடத்துக்கு எழுதுவது என்று ஏஜென்ட் கேட்டபோது, ஒரு வருடத்துக்கு மேல் கையெழுத்துப் போட எனக்குக் கை வரவில்லை.

போன மாதம், ஆலையில் விட்டு வந்த கடுதாசிகளை எடுக்கவேண்டும் என்று சொல்லி மில்டூரா போனேன். போனது மயானக் கந்தோருக்கு. ஒரு பத்திரத்தோடு திரும்பி வந்து அதை மேசையில் வைத்தேன். வசந்தி இரண்டு தரம் வாசித்தாள்.

"இது நிலமெல்லே?"

"ஓம். சுவரோரத்தில பெரியாக்களுக்கு இடமில்லையாம். பாதைக்கு இங்கால, அவனுக்கு நேரெதிரில கிடைச்சுது."

"நாங்கள் எரிக்கிற ஆக்களெல்லே?"

"ஓம்."

வெளியே ரயில் போகும் சத்தம் கேட்டு அடங்கியது. நான் ஏச்சு வாங்கத் தயாராகக் கதிரையில் இருந்தேன். அவள் பத்திரத்தில் இருந்த சின்ன வரைபடத்தில் விரலை வைத்து, சுவரிலிருந்து பாதையைத் தாண்டிக் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"ஒருத்தருக்கு மட்டுமோ?"

"ரெண்டு பேருக்கு. ஆழமா வெட்டி, ஒராளுக்கு மேல ஒராள்."

"அப்ப முந்திப் போறவர் கீழ" என்றாள் வசந்தி.