ஆறாவது கோப்பையில் இல்லாத நட்டு

தேயிலைத் தோட்டத்துத் துரையின் கிழட்டுக் கார் கொட்டகலை ஏற்றத்தில் இழுப்பு நோய்க்காரனைப் போல் இளைத்தது. பெட்ரோலும் காற்றும் கலந்து எஞ்சினுக்குள் போகிற மெனிபோல்ட் குழாயில் கரி அடைத்திருக்கிறது என்றார் டிரைவர். அதைக் கழற்றிச் சுத்தம் செய்யும் வேலை, ஃபெக்டரி எஞ்சின் ரூமில் இருந்த என் தலையில் விழுந்தது.

"நாலு மணிக்கு அட்டன் போகணும். கார் ரெடி இல்ல, நாளைக்கு நீ பெரட்டுல முள்ளோட நிக்கிறே" என்று சொல்லிவிட்டுப் போனார் துரை. பெரட்டு, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடம். முள்ளுக் குத்துவதென்றால் மலையில் நாளெல்லாம் இரும்பு முள்ளால் மண்ணைக் கிளறுவது. மழையும் அட்டையும் இலவசம்.

டிரைவருக்கும் எனக்கும் ஆகாது. தொழிலாளர் லயத்துப் பயல் ஸ்பேனர் பிடிப்பதை அவரால் பொறுக்க முடியவில்லை. அவர் காக்கிச் சட்டைக்குப் போடும் கஞ்சியை என்னால் பொறுக்க முடியவில்லை.

டீமேக்கர் தேயிலை ருசி பார்த்து ஒதுக்கிய, விளிம்பு உடைந்த வெள்ளைக் கோப்பைகளை வரிசையாக வைத்து, கழற்றும் நட்டுகளைக் கோப்பைக்கு ஒன்றாகப் போடுவது எங்கள் எஞ்சின் ரூம் வழக்கம். எஞ்சினில் நீட்டிக்கொண்டிருந்த ஆறு போல்ட்டுக்கு ஆறு கோப்பை வைத்தேன்.

"டேய், அது கொழுந்துக் கூடையில்ல, மெல்லப் புடி" என்றார் டிரைவர், பின்னால் நின்று.

"நீங்க ஓட்டுன லச்சணத்துலதாண்ணே இவ்வளவு கரி."

சண்டை ருசியில், எத்தனை நட்டுக் கழற்றினேன் என்று எண்ணவும், மெனிபோல்ட்டை எடுத்த பின் எஞ்சின் துவாரங்களைத் துணியால் அடைக்கவும் மறந்துபோனேன்.

மெனிபோல்ட்டை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, கம்பி பிரஷால் தேய்த்து, உள்ளே சைக்கிள் ஸ்போக்கை விட்டுச் சுரண்டினேன். கரி தார் மாதிரி வந்தது. பளபளவென்று தூக்கிக்கொண்டு வந்து கோப்பைகளைப் பார்த்தேன். ஆறாவது காலி.

திறந்த துவாரத்துக்குள் நட்டு விழுந்திருந்தால், ஸ்டார்ட் செய்ததும் எஞ்சின் சுக்குநூறு. முனியாண்டிக்குச் சேவல் நேர்ந்தேன். போதாதோ என்று மாதாவுக்கு மெழுகுவர்த்தியும் நேர்ந்தேன். கம்பி நுனியில் கிரீஸ் தடவி ஒவ்வொரு துவாரமாகத் துழாவினேன். காருக்கு அடியில் தவழ்ந்தேன்.

"என்னடா தேடுறே? ஒங்கப்பன் முள்ளையா?" வெற்றிலை மென்றபடி கேட்டார் டிரைவர்.

"சும்மாண்ணே" என்றேன், மண்ணில் மல்லாந்து கிடந்தபடி.

மணி மூன்று. எஞ்சின் தலையையே கழற்றிவிடுவது என்று ஸ்பேனரை எடுத்தபோது கை ஆறாவது போல்ட்டில் இடித்தது. திட்டுவதற்காகத்தான் அதைப் பார்த்தேன். மற்ற ஐந்திலும் நட்டுச் சுற்றும் மரை மின்னியது. இதில் மட்டும் எண்ணெயும் புழுதியும் கல்லாக இறுகியிருந்தன. வருஷக்கணக்கில் அதில் நட்டே இருந்ததில்லை! அந்த இடுக்கில் காற்றை உறிஞ்சியும்தான் வண்டி இளைத்திருக்கிறது.

"அண்ணே, இதுல நட்டே இல்லையா?"

"அது யுத்த காலத்துலயே போச்சு."

"சொல்லக் கூடாதா?"

"நீ கேட்டியா? பெரிய மெக்கானிக் கணக்கா கோப்பை அடுக்குனியே!"

பழைய இரும்புப் பெட்டியில் ஒரு நட்டைத் தேடியெடுத்து எல்லாவற்றையும் முறுக்கினேன். நாலு மணிக்குத் துரை வந்தார். எஞ்சின் ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டது.

"எல்லாம் சரியா?"

"சரிங்க தொரை. ரொம்ப வருஷமா இல்லாத ஒரு நட்டையும் போட்டுட்டேனுங்க."

துரை மெதுவாக டிரைவர் பக்கம் திரும்பினார். "ரொம்ப வருஷமா?"

டிரைவர் வெற்றிலையை விழுங்கிவிட்டார்.

முள்ளுக்கு நான் போகவில்லை. டிரைவர் அதற்குப் பின் என்னோடு பேசவுமில்லை. மழை நாளில் எதிரே கண்டால் மட்டும், நல்ல ரோட்டை விட்டுவிட்டுச் சேற்றுக் குழியாகப் பார்த்து ஓட்டுவார். முகத்தில் சேறு வழிய, நானும் பெரிதாக ஒரு கும்பிடு போடுவேன்.