பம்ப் நின்ற பதினெட்டு நிமிஷம்

தலைமுடி கட்ட ரப்பர் வளையம் கிடைக்காத ஊரில் ஒன்றும் அவள் இல்லை. ஆனாலும் பத்து வருஷமாக ஒரு சிவப்பு ஒயர்த் துண்டைத்தான் முறுக்கிக் கட்டிக்கொள்கிறாள். வேலைக்கு நடுவே ஒயர் குறைந்தால் கை தன்னால் பின்தலைக்குப் போகும். முடி அவிழ்ந்து தோளில் விழும். செத்துக் கிடந்த கம்ப்யூட்டர் எழுந்து உட்காரும். கடைத்தெருவில் அவள் பேர் ஒயரக்கா. பஸ் ஓட்டும் அவள் புருஷன்கூடக் கோபம் வந்தால்தான் நிஜப் பேரைச் சொல்லுவார்.

கம்ப்யூட்டருக்கு வருவதற்கு முன் அவள் டிரான்ஸ்ஃபார்மர் சுற்றும் தொழிற்சாலையில் இருந்தாள். ஒருநாள் வரிசையாக ஏழு சுருள்கள் கருகின. பக்கத்து மேஜைப் பெண் சரியாகச் சுற்றவில்லை என்று ஒரு தாள் தயாரானது. சாட்சிக் கையெழுத்துக்கு இவளிடம் நீட்டினார்கள். அப்போது இவளுக்கு இருபது வயது, போட்டுக்கொடுத்தாள். மூன்று மாதம் கழித்து, கம்பியின் பூச்சே மட்டமான சரக்கு என்று தெரிந்தது. கம்பியை மாற்றினார்கள். அந்தப் பெண்ணைத் திரும்பக் கூப்பிட வேண்டும் என்று மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. கீழே இருப்பவர்களின் குற்றம் அரை மணியில் நிரூபணமாகும். மேலே இருப்பவர்களின் குற்றத்துக்குத்தான் விசாரணை, ஆய்வு, கால அவகாசம் எல்லாம்.

போன திங்கட்கிழமை அவளைக் கூப்பிட்டது கட்டடங்களுக்குப் படம் செய்துகொடுக்கும் ஓர் அலுவலகம். எழும்பாத கட்டடத்தை எழுந்து நிற்பதுபோல் வரைந்து காட்டுவார்கள். அதற்கென்று ஒரு ராட்சத மெஷின். அது கக்கும் சூட்டை விசிறி மட்டும் தாங்காது என்பதால், உள்ளே மெல்லிய குழாய்களில் தண்ணீர் ஓடும். சூட்டை வாங்கிக்கொண்டு வெளியே விசிறிகளுக்கு முன்னால் ஆறிவிட்டுத் திரும்பும். தண்ணீரைச் சுற்றவைக்க ஒரு சின்ன பம்ப். இதையெல்லாம் இரண்டு வருஷத்துக்கு முன் பொருத்தியது அவள்தான்.

பொருத்தப் போகுமுன் வீட்டில் அவள் இதை விளக்கியபோது புருஷன் விழுந்து விழுந்து சிரித்தார்.

"சமையக்கட்டுக் குழாய் ஒரு மாசமா ஒழுகுது. இவ கம்ப்யூட்டருக்குள்ள குழாய் போடப் போறாளாம்!"

"அதுக்குப் பேசத் தெரியாது, அதனால போட்டுக்கொடுக்கறேன். நீங்க பேசறீங்கள்ல, நீங்களே மாட்டுங்க."

அலுவலகத்தில் மெஷின் பக்கம் திறந்து கிடந்தது. ஒரு குழாய் வாய் கழன்று தொங்கியது. படம் வரையும் கிராஃபிக்ஸ் கார்டில் தண்ணீர் காய்ந்த தடம், தரையிலும் கறை. மேலாளர் ஒரு தாளோடு காத்திருந்தார்.

"பாத்தீங்களாம்மா? வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்துல எல்லாரும் மேல போயிருந்தோம். கீழ இருந்தது தரை துடைக்கிறவ ஒருத்திதான். வாளித் தண்ணியக் கொட்டிட்டா. இந்த ஆபீஸ்ல தண்ணியோட திரியறது வேற யாரு?"

"துடைக்கிறவங்களுக்கு ஐம்பது வயசிருக்கும் சார். 'அவ'ன்னு சொல்லாதீங்க."

"சரி, அவங்க. வெளியிலேர்ந்து தண்ணி பட்டு மெஷின் கெட்டுச்சுன்னு எழுதியிருக்கேன். டெக்னீஷியன்னு கீழ ஒரு கையெழுத்துப் போடுங்க. ஆளு அனுப்புற கான்ட்ராக்டருக்கு இத அனுப்பிட்டா வேற ஆளு வந்துடும்."

தாளைப் பார்த்ததும் ஒயரக்கா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். இருபது வயதில் பிடித்த அதே பேனாவை யாரோ மறுபடி கையில் திணித்ததுபோல் இருந்தது.

"நாளைக்குச் சொல்றேன்" என்றாள்.

தரை துடைக்கும் அக்கா கூடத்தில், துடைப்பானைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றுகொண்டிருந்தார். முகம் தொங்கிப்போயிருந்தது.

"நான் கொட்டல தங்கச்சி. நாலு வருஷமா துடைக்கிறேன், ஒரு பேனாகூட இடம் மாறினதில்ல. அன்னைக்குக் கரண்ட் போச்சு. அந்தக் கறுப்புப் பொட்டி கூ, கூன்னு கத்திச்சு. மேல போய் சார்கிட்டச் சொன்னேன். 'உன் வேலைய நீ பாரு'ன்னாரு. பாத்தேன். இப்ப அந்த வேலையும் போகுது."

"கரண்ட் போனப்ப மெஷின் ஓடுச்சா?"

"நல்லா ஓடுச்சு. ஆனா வழக்கமா ஒரு மொணமொணப்பு கேக்கும்ல, அது இல்ல."

ஒயரக்காவுக்குக் காது சூடானது. அந்த முணுமுணுப்பு பம்பின் சத்தம்.

மேஜைக்கு அடியில் புகுந்து பார்த்தாள். மெஷின் தின்னும் மின்சாரத்தில் அதன் சொந்த பவர் சப்ளைக்கு மூச்சு முட்டும் என்று, பம்புக்கும் விசிறிகளுக்கும் தனியாக ஒரு சின்ன சப்ளையை அன்று வைத்திருந்தாள். அப்படிப்பட்ட சப்ளை தானாக ஓடாது. அதன் பச்சைக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் சேர்த்தால்தான் ஓடும். பழுது பார்க்கிறவர்கள் சோதனைக்காகக் காகிதம் கோக்கும் கிளிப்பை வளைத்து அந்த இரண்டு துளையிலும் செருகுவார்கள். சோதனை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். இங்கே கிளிப் இரண்டு வருஷமாக அப்படியே இருந்தது. அவள் செருகியதுதான்.

அதைவிட மோசம், பிளக். கரண்ட் போனால் பேட்டரியில் மெஷினை ஓட்டும் அந்தக் கறுப்புப் பெட்டியில், யூபிஎஸ்ஸில், அன்று இடம் இல்லையென்று சின்ன சப்ளையைச் சுவரில் நேராகச் செருகியிருந்தாள். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்த ஞாபகமும் இருக்கிறது. பம்பின் சுழற்சியை மெஷினுக்குச் சொல்லும் மெல்லிய கம்பியும் எங்கும் மாட்டப்படாமல் நாடாவில் சுருட்டிக் கிடந்தது. அது இல்லாமலே பம்ப் ஓடும், ஆகவே விட்டுவிட்டாள்.

கதை விளங்கிவிட்டது. சுவரில் மின்சாரம் போனதும் பம்ப் நின்றது. யூபிஎஸ்ஸில் இருந்த மெஷினோ ஒன்றும் அறியாமல் படம் வரைந்துகொண்டே இருந்தது. நின்ற தண்ணீர் கொதித்தது. மெஷின் தன் வேகத்தைக் குறைத்துத் தாக்குப்பிடித்தது; குழாய்தான் இளகி வாய் கழன்றது. மின்சாரம் திரும்பியதும், கிளிப் தயவில் பம்ப் தானாக ஓடி, மிச்சத் தண்ணீரையும் வெளியே தள்ளியிருக்கிறது. அலுவலகத்தார் இறங்கி வந்தபோது பம்ப் உத்தமனாக முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

மெஷினின் ஹார்ட் டிஸ்கைக் கழற்றிக் கடையில் வேறு மெஷினில் மாட்டினாள். வெப்பப் பதிவு இருந்தது. ஒன்று நாற்பத்திரண்டுக்குச் சூடு ஏறத் தொடங்கியிருக்கிறது. யூபிஎஸ்ஸின் பதிவிலும் அதே நேரம். பதினெட்டு நிமிஷம் பேட்டரியில் ஓடியிருக்கிறது.

மாலை புருஷன் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டார்: "இப்ப என்ன பண்ணப் போற?"

"உள்ளதைச் சொல்லப் போறேன்."

"யாரு தப்புன்னு?"

"என் தப்புன்னு."

அவர் கரண்டியை வைத்தார். "யோசிச்சுக்கோ. கடைத்தெருவுல பேச்சு ஒரு நாள்ல சுத்தி வரும். 'ஒயரக்கா கை வச்ச மெஷின்ல தண்ணி புகுந்துச்சாம்'னு சொல்லுவாங்க."

"சொல்லட்டும். இல்லாட்டி அந்தம்மா கை வச்ச தரையில வழுக்குதுன்னு சொல்லுவாங்க. எனக்கு இன்னும் பத்து மெஷின் வரும். அவங்களுக்கு அடுத்த தரை எங்க இருக்கு?"

அவர் கரண்டியை மறுபடி எடுத்து அவள் தட்டில் சோறு போட்டார். பிறகு, "நாளைக்கு எனக்குக் காலை டூட்டி. ஒன்ன அங்க இறக்கி விட்டுட்டுப் போறேன்" என்றார்.

மறுநாள் மேலாளர் முன்னால் ஒயரக்கா இரண்டு பதிவுகளையும் வைத்தாள்.

"இதுல கையெழுத்து வேணும்னா போடறேன் சார். ஆனா வாசகம் மாறணும். தண்ணி வாளியிலேர்ந்து வரல, குழாய்லேர்ந்து வந்துச்சு. குழாய் ஏன் கழண்டுச்சுன்னா, பம்பை நான் தப்பா மாட்டினேன். அந்தம்மா வந்து எச்சரிச்சும் நீங்க கேக்கல. இத்தனைக்கும் அவங்க காதுக்கு பம்ப் நின்னது தெரிஞ்சிருக்கு. அத்தனை விலை மெஷினுக்கே தெரியல."

மேலாளரின் முகத்தில் ஈயாடவில்லை. "அப்ப கார்டு?"

"என் வேலை. துடைச்சு, ஆல்கஹால்ல கழுவி, ரெண்டு நாள் காய வச்சுப் பாக்கறேன். உயிர் வரலேன்னா நான் பாத்துக்கறேன். அவங்க வேலையில கை வைக்காதீங்க."

"நீங்க பாட்டுக்கு…" என்று இழுத்தார். பிறகு தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கிழிக்க மனசு வரவில்லை. ஆனால் அனுப்பவும் இல்லை.

வியாழக்கிழமை கார்டு விழித்துக்கொண்டது. ஒயரக்கா கடைக்குள் ஒரு சுற்று சுற்றிவந்தாள், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு. எதிர்க்கடை ஜெராக்ஸ்காரர் பார்த்துவிட்டார்.

"என்னக்கா, ஆட்டம்?"

"வியாபாரத்தைப் பாருய்யா!"

வெள்ளிக்கிழமை மெஷினை மறுபடி கட்டினாள். இந்த முறை கிளிப்புக்குப் பதில் தீப்பெட்டி அளவில் ஒரு ரிலே. பெரிய சப்ளையின் மஞ்சள் கம்பியில் மின்சாரம் வந்தால் ரிலே 'டிக்' என்று மூடிக்கொண்டு, சின்ன சப்ளையின் பச்சையையும் கறுப்பையும் சேர்க்கும். பெரியது எழுந்தால் சின்னதும் எழும். பெரியது படுத்தால் சின்னதும் படுக்கும். இரண்டின் கறுப்புக் கம்பிகளையும் ஒன்றாக இணைத்தாள். யூபிஎஸ்ஸில் இடத்தை அடைத்திருந்த பிரிண்டரைச் சுவருக்கு மாற்றிவிட்டு, இரண்டு பிளக்கையும் அங்கே கொண்டுவந்தாள். அந்த மெல்லிய கம்பியை மதர்போர்டில் மாட்டி, பம்ப் நின்றால் ஐந்து விநாடியில் மெஷின் அணைந்துவிட வேண்டும் என்று அமைத்தாள். கடைசியில் ஓர் ஒயர் குறைந்தது. முடி தோளில் விழுந்தது.

"அக்கா, கொஞ்சம் வாங்க" என்று கூடத்தைப் பார்த்துக் கூப்பிட்டாள். தரை துடைக்கும் அக்கா தயங்கித் தயங்கி வந்தார். வாளியை மட்டும் கதவுக்கு வெளியே வைத்துவிட்டார்.

"அந்தச் சின்ன பிளக்கப் பிடுங்குங்க."

"நானா? ஓடிட்டிருக்கே!"

"ஏம்மா, ஏம்மா!" என்று மேலாளர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். "மறுபடியுமா?"

"பிடுங்குங்கக்கா."

அக்கா குனிந்தார். கையைச் சேலையில் இரண்டு தரம் துடைத்துக்கொண்டார். பிடுங்கினார். முணுமுணுப்பு நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒயரக்கா உதட்டுக்குள் எண்ணினாள். ஐந்தில் மெஷின் தானே அணைந்தது. குழாய்களில் ஒரு சொட்டு வெளியே வரவில்லை.

மேலாளர் மெதுவாக உட்கார்ந்தார்.

"இனிமே அந்தப் பொட்டி கத்தினா மேல வந்து சொல்லட்டுமா சார்?" என்று கேட்டார் தரை துடைக்கும் அக்கா.

"சொல்லுங்க" என்றார் அவர், தரையைப் பார்த்தபடி. "உடனே சொல்லுங்க."

"சரி சார். இப்பக் காலைக் கொஞ்சம் தூக்குங்க, கீழ துடைக்கணும்."

அவர் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டார்.