மருந்து அடிக்கிறவர் சாப்பிட்டாரா?

ரெஜினா அக்கா இறந்துபோன செய்தியை ரெஜினா அக்காவின் பேரில்தான் படித்தேன். காலையில் மடை திறந்துவிட வயலுக்குப் போயிருந்தேன். சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தால் 'வயல் கேள்வி' குழுவில் அவருடைய பெயர், அவருடைய படம், அதற்குக் கீழே "அம்மா இன்று அதிகாலை மாரடைப்பால் இறைவனடி சேர்ந்தார்" என்று ஒரு வரி. அவருடைய அம்மா காலமாகிப் பல வருடங்கள் ஆயிற்றே என்றுதான் முதலில் தோன்றியது. இரண்டாம் முறை படித்தபோதுதான், தாயின் போனிலிருந்து மகள் எழுதியிருக்கிறாள் என்று விளங்கியது. மண்வெட்டியை வரப்பிலேயே போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தேன். மடையை மூடினேனா இல்லையா என்று இன்றுவரை நினைவில்லை.

இதைப் படிப்பவர்களில் பெரும்பாலோர் குழுவில் இருப்பவர்கள்தான். வெளியில் இருப்பவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ரெஜினா அக்கா ஒரத்தநாட்டில் உரக்கடை வைத்திருந்தார். கணவர் போன பிறகு அவர்தான் கல்லாவில் உட்கார்ந்தார். 'வயல் கேள்வி' அவர் தொடங்கிய வாட்ஸ்அப் குழு. பயிரில் சந்தேகம் வந்தால் ஒருவர் கேட்பார், தெரிந்தவர்கள் சொல்வார்கள். பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தென்னைக்காரர்கள், திருவையாற்று வாழைக்காரர்கள், நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுச் சிங்கப்பூரில் இருப்பவர்கள் என்று எல்லாரும் இருந்தார்கள். சிங்கப்பூர்க்காரர்கள்தான் முந்திக்கொண்டு பதில் சொல்வார்கள்.

நான் அதில் சேர்ந்ததே சண்டை போடத்தான். மருந்து விற்கிற கடைக்காரரே விவசாயிகளுக்கு இலவசமாக யோசனை சொல்கிறார் என்றால் எனக்கு நம்பிக்கை வரவில்லை. 'பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழனா?' என்று குழுவிலேயே எழுதினேன். அக்கா அதற்குப் பதில் சொல்லவில்லை. அந்த வாரமே ஒருவர் புகையான் பூச்சி விழுந்து வட்டம் வட்டமாகக் காய்ந்த வயலைப் படம் எடுத்துப் போட்டு, என்ன மருந்து வாங்கலாம் என்று கேட்டார். ஆளுக்கொரு மருந்தின் பெயர் சொன்னார்கள். அக்கா மட்டும், முதலில் தண்ணீரை வடியுங்கள், யூரியாவை நிறுத்துங்கள், பார்த்துவிட்டு மருந்தைப் பற்றிப் பேசலாம் என்று எழுதினார். மறுநாள் கடைக்குப் போனேன். குழுவில் மற்றவர்கள் சொன்ன அதே மருந்து அங்கே பெட்டி பெட்டியாக அடுக்கி இருந்தது. நான் பெட்டியைப் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார்.

"விக்கத்தான் வச்சிருக்கேன் தம்பி. வேண்டாதவங்க தலையில கட்டறதுக்கு இல்ல" என்றார்.

அப்படியும் நான் அடங்கவில்லை. சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் அவரைக் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒருநாள் பார்த்தால் என்னையும் அட்மின் ஆக்கியிருந்தார். ஏன் என்று போன் செய்து கேட்டேன். சண்டை போடுகிறவர் கையில் ஒரு சாவி இருக்கட்டும், நான் தப்புச் செய்தால் நீங்கள்தானே கேட்பீர்கள் என்றார். கிண்டலா நிஜமா என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

குழுவுக்கு அவர் வைத்திருந்த சட்டங்கள் கொஞ்சம்தான். காலை வணக்கப் படங்கள் கூடாது. கைகூப்புகிற படம் கூடாது. நன்றி என்றால் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். கேள்வி கேட்டவர் திரும்பி வந்து என்ன ஆனது என்று சொல்லியே ஆக வேண்டும். இந்தக் கடைசிச் சட்டத்தில்தான் எல்லாரும் மாட்டிக்கொள்வோம். பயிர் பிழைத்துவிட்டால் கேட்டவர் குழுவையே மறந்துவிடுவார். அக்கா விடமாட்டார், போன் போட்டுவிடுவார். நான் குடும்பத்தோடு நாகூர் தர்கா கந்தூரிக் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டிருந்தபோது ஒரு அழைப்பு வந்தது. என்னவோ ஏதோ என்று எடுத்தால், "தம்பி, அந்த இலைச்சுருட்டுப் புழு என்னாச்சு?" என்கிறார். அந்த இரைச்சலில் புழுவைப் பற்றிக் கத்திச் சொல்லிவிட்டுத்தான் போனை வைக்க முடிந்தது. "கேக்கத் தெரிஞ்சவங்களுக்கு வந்து சொல்லவும் தெரியணும்" என்பது அவர் அடிக்கடி சொல்கிற வார்த்தை.

அக்கா குழுவைப் பூட்டிய அந்த மத்தியானத்தைப் பற்றி ஆளுக்கு ஆள் ஒவ்வொரு விதமாகப் பேசினார்கள். நான் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன். சாப்பிட உட்கார்ந்திருந்தேன். குழுவில் ஒரு குரல் பதிவு வந்தது. செல்வி என்ற பெண். பேசும்போதே மூச்சு வாங்கியது.

"யாராச்சும் சொல்லுங்களேன். எங்க வீட்டுக்காரரு மருந்து அடிச்சிட்டு வந்து படுத்தாரு. வேர்த்து ஊத்துது. வாயிலேருந்து எச்சி வடிஞ்சிக்கிட்டே இருக்கு. கண்ணு மங்கலா தெரியுதுங்கறாரு. என்ன குடிக்கக் குடுக்கறது?"

பதில்கள் கொட்டின. ஒருவர் மோர் என்றார். ஒருவர் எலுமிச்சம்பழம் என்றார். இன்னொருவர் உப்புத் தண்ணீரைக் கொடுத்து வாந்தி எடுக்க வையுங்கள் என்றார். புளியைக் கரைத்துக் கொடுத்தால் போதும் என்று ஒருவர், புளி கூடவே கூடாது என்று ஒருவர். எங்கள் மாமாவுக்கும் இப்படித்தான் ஆனது என்று ஒருவர் கதையை ஆரம்பித்தார். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னவர்களும் உண்டு, அந்தப் பதில்கள் மேலே மேலே ஏறிக் காணாமல் போயின. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. திடீரென்று குழு நின்றது. அட்மின்கள் மட்டுமே எழுதலாம் என்று பூட்டு விழுந்திருந்தது. அதற்குக் கீழே அக்கா நான்கு வரி எழுதியிருந்தார். எதுவும் குடிக்கக் கொடுக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள். சட்டையைக் கழற்றிவிட்டு சோப்புப் போட்டு உடம்பைக் கழுவுங்கள். மருந்து டப்பாவைக் கையோடு எடுத்துப் போங்கள்.

உடனே என் போன் அடிக்கத் தொடங்கியது. ஒரு உயிர் போகிறது, இவர் யார் எங்கள் வாயை அடைக்க என்று ஒவ்வொருவரும் என்னிடம் சண்டைக்கு வந்தார்கள். எனக்கும் கோபம்தான். நாலு பேர் சொன்னால்தானே நல்ல வழி கிடைக்கும், அதற்குத்தானே இந்தக் குழு? சாவி என் கையிலும் இருந்தது. விரலை வைத்துத் திறந்துவிட்டால் முடிந்தது. அக்காவைக் கூப்பிட்டேன், லைன் பிஸியாகவே இருந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனேன். அக்கா போனைக் காதில் வைத்தபடி நின்றுகொண்டிருந்தார். பேசாதே என்று எனக்குக் கையைக் காட்டினார். செல்வியிடம் பேசிக்கொண்டிருக்கிறார் என்று புரிந்தது. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், மூச்சு விடுகிறாரா என்று பார்த்துக்கொண்டே இருங்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒன்றைச் செய்து முடித்து அந்தப் பெண் சரி என்ற பிறகே அடுத்ததைச் சொன்னார். பிறகு, டப்பாவில் போட்டிருக்கிற பெயரைப் படிக்கச் சொன்னார். எங்கே வாங்கியது என்று கேட்டார். பதில் எனக்குக் கேட்கவில்லை. அக்காவின் முகம் வெளிறிப்போனதைப் பார்த்தேன்.

"சரிம்மா. அந்த டப்பாவ மட்டும் விட்டுடாத. டாக்டர் கையில குடு" என்றார்.

அந்த மருந்து அவருடைய கடையில் விற்றது. ஆம்புலன்ஸ் வந்துவிட்டது என்று சொல்லிச் செல்வி போனை வைத்தாள். அக்கா அப்போதுதான் உட்கார்ந்தார். ஊரே கத்துகிறது, இப்போதாவது திறந்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம் தம்பி. எல்லாரும் நல்லதுதான் சொல்றாங்க. அத்தனை நல்லதையும் அந்தப் பொண்ணு ஒத்தையா நின்னு எப்படிப் படிச்சுப் பாக்கும்? வாய்க்கா தாங்காத தண்ணி வந்தா மதகை இறக்கித்தான் ஆகணும்."

பொழுது சாயும்வரை அங்கேயே இருந்தேன். தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள் என்று செல்வியிடமிருந்து தகவல் வந்தது. பிழைப்பாரா என்று யாரும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் அக்கா குழுவைத் திறந்தார். திறந்ததும் முதல் ஆளாக அவரே எழுதினார். அந்த மருந்தை விற்றது நான்தான். அடிக்கப் போவது யார், அவர் சாப்பிட்டாரா, முகத்தில் கட்டத் துணி இருக்கிறதா என்று ஒன்றும் கேட்காமல் எடுத்துக் கொடுத்தேன். அவர் வெறும் வயிற்றோடு வெயிலில் அடித்திருக்கிறார். குறை சொல்வதென்றால் என்னைச் சொல்லுங்கள். இவ்வளவுதான். சொன்னார்கள், சொல்லாமல் விடுவார்களா? கடை பெயர் கெட்டுவிடக் கூடாதென்றுதான் குழுவைப் பூட்டினார் என்று எழுதினார்கள். சிலர் வெளியேறினார்கள். எழுதினவர்களையெல்லாம் நான் கடித்துக் குதறினேன். என் வாயைப் பற்றி உங்களுக்குத் தெரியும். அக்கா போன் செய்து என்னைத்தான் அடக்கினார். "விடுங்க தம்பி. அவங்க கேக்கறது கேக்க வேண்டிய கேள்விதான்" என்றார்.

பிறகு வந்த நாட்களில் குழுவில் யாரும் எதுவும் கேட்கவில்லை. எல்லாரும் ஒரே ஒரு செய்திக்காகக் காத்திருந்தோம். நான் காரணமே இல்லாமல் கடைப் பக்கம் போய் வந்தேன். அக்கா அந்த மருந்துப் பெட்டிகளை முன்வரிசையிலிருந்து எடுத்துப் பின்னால் வைத்திருந்தார். கல்லாவில் மாதா படத்துக்குப் பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரையும் விடாமல் துரத்தித் துரத்திப் பலன் கேட்கிறவர், செல்வியை மட்டும் கூப்பிடவில்லை. பயம்தான், வேறென்ன. ஒரு காலையில் செல்வி தானாகவே குழுவில் எழுதினாள். "வீட்டுக்கு வந்துட்டாரு. இட்லி சாப்பிட்டாரு." அதற்குக் கீழே ரெஜினா அக்கா, தானே தடை செய்து வைத்திருந்த கைகூப்பும் படத்தை அந்த ஒரே ஒரு தடவை போட்டார்.

அதற்குப் பிறகு அவருடைய கடையில் பூச்சிமருந்து வாங்குவது பெரும்பாடாகிவிட்டது. அடிக்கப் போவது யார்? அவர் சாப்பிட்டாரா? எந்த நேரத்தில் அடிக்கப் போகிறார்? துணி இருக்கிறதா, கையுறை இருக்கிறதா? பதில் வராமல் டப்பா அலமாரியை விட்டு இறங்காது. பெண் பார்க்க வந்தவர்களைப் போல இப்படிக் குடைகிறாரே என்று ஒரு மிராசுதார் முறைத்துக்கொண்டு போனார். பலர் கேள்வி கேட்காத கடைகளுக்குப் போய்விட்டார்கள். வியாபாரம் இறங்கியது எனக்குத் தெரியும். ஒருநாள் நானே கேட்டேன், சாப்பிட்டேன் என்று பொய் சொல்லி வாங்கிக்கொண்டு போகிறவனை என்ன செய்வீர்கள் என்று. "பொய் சொல்லணும்னாலும் ஒரு நிமிஷம் வயித்தை நெனச்சுப் பாப்பாருல்ல" என்றார்.

அடக்கம் நடந்த அன்று கல்லறைத் தோட்டத்தில் நின்றபோது என் பையில் போன் ஓயாமல் அதிர்ந்துகொண்டே இருந்தது. சாமியார் செபம் சொல்லி முடித்து, எல்லாரும் ஒரு பிடி மண் போட்டு விலகிய பிறகுதான் எடுத்துப் பார்த்தேன். குழு முழுக்கப் பூ, மெழுகுவர்த்தி, கைகூப்பு. அவர் உயிரோடிருக்கும்வரை உள்ளே விடாத அத்தனையும் ஒரே நாளில் வந்து சேர்ந்திருந்தது. விரலால் தள்ளித் தள்ளி மேலே போனேன். ஊடே ஒரு கேள்வி கிடந்தது. அன்று காலையில்தான் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், பூச்சிமருந்தையும் களைக்கொல்லியையும் ஒரே டேங்கில் கலந்து அடிக்கலாமா என்று கேட்டிருந்தார். அதைக் கேட்டு வெகுநேரம் ஆகியிருந்தது. ஒருவரும் பார்க்கவில்லை. கேள்வியின் மேலேயும் மாலை, கீழேயும் மாலை.

எனக்குச் செல்வியின் அந்தக் குரல் பதிவு ஞாபகம் வந்தது. குழுவைப் பூட்டினால் ஊர் என்ன சொல்லும்? செத்துப்போன மனுஷிக்கு அஞ்சலி செலுத்தக்கூட விடாத பாவி என்பார்கள். கொஞ்ச தூரத்தில் அக்காவின் மகள் தாயின் போனைக் கையில் வைத்து அந்தப் பூக்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பூட்டினேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஒருவரைக் கூப்பிட வேண்டும் என்று போனைக் காதில் வைத்துக் காட்டினேன். அவள் தலையசைத்தாள்.

அந்தப் பெண் போனை எடுத்ததும், கேள்வியைப் பார்த்தேன், இன்னும் கலக்கவில்லையே என்று கேட்டேன்.

"கலந்துட்டோங்க. ரொம்ப நேரம் பாத்தோம், யாரும் ஒண்ணும் சொல்லல. கொழுந்தனாரு டேங்க மாட்டிக்கிட்டு வயல்ல எறங்கிட்டாரு."

ஸ்பிரேயர் மோட்டார் ஓடுகிற சத்தம் போனிலேயே கேட்டது. அவரைக் கூப்பிடுங்கள், கரையேறச் சொல்லுங்கள் என்றேன். அந்தப் பெண் கூப்பிட்டார். காதில் விழவில்லை போலிருக்கிறது. மறுபடியும் கூப்பிட்டார். வரப்பில் ஓடுகிற சத்தமும் மூச்சும் மட்டும் வந்தன. நான் அக்காவின் குழி ஓரத்தில் நின்று அந்த மோட்டார் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன். ஒருவழியாக அது நின்றது. அந்தக் கலவையை அடிக்கவும் வேண்டாம், வாய்க்காலில் கொட்டவும் வேண்டாம், தனியாக மூடி வையுங்கள், மற்றதைப் பிறகு பேசலாம் என்றேன். அடுத்த கேள்வி என் வாயில் தானாக வந்தது.

"அவரு சாப்பிட்டாரா?"

காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, அடித்துவிட்டு வந்து சாப்பிடலாம் என்றார் என்று அந்தப் பெண் மெதுவாகச் சொன்னார். சோப்புப் போட்டுக் கைகால் கழுவச் சொல்லிவிட்டு முதலில் சோறு போடுங்கள் என்றேன்.

கூட்டம் கலைந்த பிறகும் நான் குழுவைத் திறக்கவில்லை. பொழுது சாயும்வரை அது பேச்சில்லாமல் கிடந்தது. ரெஜினா அக்காவுக்கு நாம் செலுத்திய மௌன அஞ்சலி அதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடக்கத்தன்று குழுவைப் பூட்டியதற்காக என்னைத் திட்டியவர்களுக்கும் இதுதான் என் பதில். குழு தொடர்ந்து நடக்கும். அவர் என் கையில் விட்டுப்போனவை அந்தச் சாவியும் அந்த ஒரு கேள்வியும்தான், இரண்டையும் நான் கீழே வைக்கப் போவதில்லை.

மாலையில் அந்தப் பெண் தானாகவே போன் செய்தார். நம் குழுவின் சட்டம் எதுவும் அவருக்குத் தெரியாது. ஆனாலும் வந்து சொன்னார். கொழுந்தனார் சாப்பிட்டார், நன்றாக இருக்கிறார், கலந்ததை மூடி வைத்தாயிற்று என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "தப்பா நெனச்சுக்காதீங்க. காலையிலேருந்து எல்லாரும் பூ போட்டாங்களே, எறந்தது யாருங்க?" என்று கேட்டார்.

"உங்க கொழுந்தனாருக்குச் சோறு போடச் சொன்னாங்களே, அவங்கதாம்மா" என்றேன்.